நோர்வேயின் கருவாட்டுக் கொட்டிலில் கண்ட கணக்கு



நோர்வே என்றதும் நம் நாட்டவர்களுக்கு இரண்டு விடயங்கள் ஞாபகம் வரும். ஒன்று, 2002ஆம் ஆண்டின் யுத்தநிறுத்த ஒப்பந்தமும் அதைத் தொடர்ந்து நடந்த சமாதானப் பேச்சுக்களும். மற்றையது, கரையோரத்துச் சகோதரர்களுக்கு நன்கு தெரிந்த சீநோர் வலையும் படகும். சிலோன் என்ற பழைய பெயரையும் நோர்வே என்ற பெயரையும் சேர்த்து வைத்ததுதான் சீநோர். எனக்கு இப்போது மூன்றாவதாக ஒன்றும் ஞாபகம் வருகிறது. அது கருவாடு.

நான் முப்பது வருடங்களாகப் புறக்கோட்டையில் கருவாடு மொத்த வியாபாரம் செய்பவன். மர்ஹூம் வாப்பாவிடமிருந்து கைக்கு வந்த தொழில். 2024 பெப்ரவரியில் என் கடையில் ஒரு சம்பவம் நடந்தது. அதைச் சொல்லாமல் பயணக் கதையை மட்டும் எழுதினால் இந்தக் கட்டுரையால் உங்களுக்குப் பயன் இராது. எனவே வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

குருநாகல் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர். பதினெட்டு வருட வாடிக்கையாளர். அவருக்குக் கட்டாக் கருவாடு பன்னிரண்டு மூட்டை அனுப்பியிருந்தேன். அவற்றில் ஐந்து மூட்டைகள் அதே லொறியில் திரும்பி வந்தன. அவிழ்த்துப் பார்த்தால் மேலே நல்ல துண்டுகள், நடுவில் ஈரம், அடியில் உடைசல். நானே பக்கத்தில் நின்று கட்டுவித்த மூட்டைகள்தான். அவர் சண்டை பிடிக்கவில்லை. தொலைபேசியில், "ஹாஜியார், உங்கட மூட்டைய அவிழ்த்துப் பார்க்காம வாங்கின காலம் ஒண்டு இருந்திச்சு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவரிடமிருந்து ஓடர் வரவில்லை.

"இது நான் மட்டும் செய்வதா? எங்கள் வரிசை முழுவதும் நடப்பதுதானே? விலை பேசும்போதே இதெல்லாம் சேர்த்துத்தானே பேசுகிறார்கள்?" இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்களில் சிலரும் இதே சமாதானத்தை எப்போதாவது சொல்லியிருப்பீர்கள்.

வடக்கே போன பாதை

என் மகளும் மருமகனும் ஒஸ்லோவில் இருக்கிறார்கள். 2024 ஜூன் 16ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாளை அவர்களோடு கொண்டாடி முடித்தோம். அடுத்த நாள் மருமகன், "மாமா, கருவாடு காயப்போடுற இடத்துக்குப் போவமா? ஆனா தூரம்" என்றார். தூரம் என்றால் லேசான தூரமல்ல. வட துருவ வட்டத்துக்கும் அப்பால், லொஃபோடென் என்ற தீவுக் கூட்டம். ஈ6 என்ற நெடுஞ்சாலையில் ஒஸ்லோவிலிருந்து த்ரொண்ட்ஹெய்ம் நகருக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர். அங்கிருந்து போடோ துறைமுகத்துக்கு இன்னும் 700. அதன் பிறகு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கப்பலில். ஓட்டியது மருமகன்தான். நான் பக்கத்தில் இருந்து விலைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு போனேன். வியாபாரிக்கு மலையும் நீர்வீழ்ச்சியும் இரண்டாவதாகத்தான் கண்ணில் படும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரு குரோனர் அப்போது 28, 29 ரூபா. பெற்றோல் லீற்றர் 20 குரோனருக்கு மேல். அதாவது நம் காசில் 600 ரூபாவைத் தொட்டது. இந்த விலையில் கடைச் சாப்பாடு கட்டுப்படியாகாது. ஒஸ்லோவில் க்ரோன்லான்ட் என்ற பகுதியில் ஹலால் இறைச்சியும் நம் நாட்டுச் சாமான்களும் தாராளமாகக் கிடைக்கும். அரிசி, பருப்பு, நெத்தலி எல்லாம் அங்கேயே வாங்கிக்கொண்டு போய் இரவில் தங்கும் சிறு மரக் குடில்களில் சமைத்துக்கொண்டோம். குடிலைக் கழுவித் துடைத்துக் கொடுத்தால் ஒரு விலை, அவர்களே துடைப்பதென்றால் இன்னொரு விலை என்று சில இடங்களில் பட்டியலிலேயே எழுதியிருக்கிறார்கள். நாங்கள் துடைத்தோம்.

வாகனம் வீதியின் வலப்பக்கம் ஓட வேண்டும். பகலிலும் விளக்கு எரிய வேண்டும். பாதை வரிக்கு ஆள் நின்று காசு வாங்குவதில்லை. கமெரா இலக்கத் தகட்டைப் படம் பிடிக்கும், பின்னர் பில் வரும். தொழுகையைப் பொறுத்தவரை, நாங்கள் போன காலத்தில் துருவ வட்டத்துக்கு வடக்கே சூரியன் மறையவேயில்லை. அங்கு வாழும் சகோதரர்களில் சிலர் மக்காவின் நேரத்தையும் சிலர் தெற்கேயுள்ள ஊர்களின் நேரத்தையும் பின்பற்றுகிறார்கள். நாங்கள் பிரயாணிகள், ஒஸ்லோ நேரத்தை வைத்துச் சுருக்கியும் சேர்த்தும் தொழுதோம். வெளிச்சத்தை நம்பி இரவு பதினொரு மணிவரை ஓட்டிக்கொண்டு போனால் களைப்புத் தெரியாது. அது ஆபத்து. காட்டு மான் பாதைக்குக் குறுக்கே வரும் என்ற பலகைகளை விளையாட்டாக எடுக்கக் கூடாது.

லில்லெஹாமர் என்ற ஊரைத் தாண்டி, 1994இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் அது, பள்ளத்தாக்கு வழியாகப் போகும்போது ஓரிடத்தில் மருமகன் வாகனத்தை நிறுத்தினார். பண்ணை வீட்டு வாசலில் ஒரு சிறு மரப் பெட்டிக் கடை. கடையில் ஆள் இல்லை. உள்ளே உருளைக்கிழங்குப் பைகளும் முட்டைகளும். கைத்தொலைபேசியில் காசு அனுப்புவதற்கு ஓர் இலக்கம் ஒட்டியிருந்தது. விப்ஸ் என்ற இந்த முறை 2015இல் வந்தது, இன்று அந்த நாட்டில் கிட்டத்தட்ட எல்லோர் கையிலும் இருக்கிறது. தொலைபேசி இல்லாதவருக்கு ஒரு தகர உண்டியல்.

ஆளில்லாத கடையைப் பற்றி நம்மவர்கள் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். என் கண் போனது வேறொன்றில். முட்டை மூன்று தட்டுகளில் இருந்தது. பெரியது ஒரு விலை, சிறியது ஒரு விலை. மூன்றாவது தட்டில் ஓட்டில் கீறல் விழுந்தவை. அதற்குப் பாதி விலை. "கீறியது, இன்றே சமைக்கவும், கேக்குக்கு நல்லது" என்று கையால் எழுதி வைத்திருந்ததாக மருமகன் வாசித்துச் சொன்னார். கடையில் ஆளே இல்லை. கீறிய முட்டையை நல்ல தட்டின் அடியில் வைத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நாங்கள் இருந்த நேரத்தில் ஒரு பெண் வந்து கீறிய தட்டைத்தான் எடுத்துக்கொண்டு போனார்.

இதைச் சொல்லும்போது அங்கிருப்பவர்கள் எல்லோரும் மலக்குகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒஸ்லோவின் பெரிய கடைகள் சிலவற்றில் நாமே சாமானுக்குப் பில் போட்டுவிட்டு வெளியே வரும்போது பில்லைக் கதவுக்குக் காட்டினால்தான் கதவு திறக்கும். திருட்டு இல்லாவிட்டால் அந்தக் கதவுக்கு வேலையில்லை.

இன்னொன்று வெறும் போத்தல். பானப் போத்தலிலும் தகரத்திலும் திரும்பக் கொடுக்கும் தொகை அச்சிட்டிருக்கும். 2018இல் சிறியதற்கு 2 குரோனர், பெரியதற்கு 3 என்று வைத்தார்கள். கடை வாசலில் இருக்கும் இயந்திரத்துக்குள் போட்டால் துண்டு வரும், அதைக் காட்டிச் சாமான் வாங்கலாம். பயணம் முழுவதும் குடித்த தண்ணீர்ப் போத்தல்களை மருமகன் ஒரு பையில் சேர்த்து வந்தார். கடைசியில் ஒரு நாள் பாண் வாங்க அது போதுமாயிருந்தது.

ஓ என்ற ஊர்

இரண்டாவது நாள் மோ இ ரானா என்ற ஊரில் தங்கினோம். மூன்றாவது நாள் காலையில் ஸால்ட் மலை மேட்டில் துருவ வட்டத்தைக் கடந்தோம். மரமில்லாத வெட்டவெளி, ஜூன் மாதத்திலும் ஆங்காங்கே பனி. போடோவில் கப்பலேறி, மோஸ்கெனெஸ் என்ற இடத்தில் இறங்கினோம். அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர் போனால் ஈ10 என்ற பாதை முடிந்து போகும். முடியும் இடத்திலுள்ள ஊருக்கு ஒரே ஓர் எழுத்துத்தான் பெயர். ஓ. அவர்களுடைய அரிச்சுவடியின் கடைசி எழுத்தும் அதுதான். அங்கே கருவாட்டுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. நம் ஊரில் கருவாட்டுக்கு நூதனசாலை கட்டுவோம் என்றால் சிரிப்பார்கள்.

வாகனத்தை விட்டு இறங்கியதும் மூக்கில் அடித்த வாசம் எனக்குச் சொந்த ஊர் வாசம். மகளுக்குத்தான் சகிக்கவில்லை.

அவர்களுடைய முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெரிய கொட் மீன்கள் பாரெண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட லொஃபோடெனுக்கு வரும். தலையை வெட்டி, குடலை எடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி, ஆள் உயரத்துக்கும் மேலான மரக் கொட்டில்களில் தொங்கவிடுவார்கள். கூரை கிடையாது. உப்பு ஒரு துளியும் கிடையாது. காற்றும் குளிரும்தான். அவ்வளவு வடக்கே இருந்தும் கடலின் வெந்நீரோட்டத்தால் அங்கே குளிர் கடுமையாக இறங்குவதில்லை. பூச்சியத்தைச் சுற்றியே நிற்கும். கூடுதலாக உறைந்தால் சதை பிய்ந்துவிடும். கூடுதலாகச் சூடானால் ஈ மொய்த்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே அல்லாஹ் அவர்களுக்கு இரண்டு மூன்று மாதங்களைக் கொடுத்திருக்கிறான். ஜூனில் இறக்கி, மேலும் இரண்டு மூன்று மாதம் காற்றோட்டமான களஞ்சியத்தில் வைப்பார்கள். பச்சை மீனில் நூற்றுக்கு 80 அளவுக்கு இருந்த ஈரம் கடைசியில் 15 அளவுக்கு இறங்கிவிடும். தட்டினால் விறகுக் கட்டை போலச் சத்தம் கேட்கும். வருடக்கணக்கில் கெடாது.

இந்த முறையை நாம் இங்கே செய்ய முடியாது. கற்பிட்டியிலும் மன்னாரிலும் உப்பில்லாமல் மீனைத் தொங்கவிட்டால் இரண்டாம் நாள் புழுதான் இருக்கும். ஆகவே காயவைக்கும் முறையைப் பற்றி நான் மேற்கொண்டு எழுதவில்லை. எனக்கு வேண்டியது காய்ந்த பிறகு நடப்பது.

கையால் பார்க்கும் மனிதர்

ஒரு களஞ்சியத்துக்கு மருமகன் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். புதிய மீன் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் தரம் பிரிக்கும் காலம் வரவில்லை. ஆனால் முந்திய வருடத்து மிச்சம் கொஞ்சம் இருந்தது. கருவாட்டு வியாபாரி ஒருவர் இலங்கையிலிருந்து வந்திருக்கிறார் என்றதும், தரம் பிரிக்கும் மனிதர் அதை எடுத்து வைத்துச் செய்து காட்டினார். அறுபது வயதிருக்கும். இந்த வேலைக்கு அங்கே தனிப் பெயர் இருக்கிறது, வ்ராக்கர் என்பார்கள். பழகுவதற்குப் பல வருடங்கள் பிடிக்குமாம். இயந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மீனாகக் கையில் எடுத்தார். நீளம் பார்த்தார், தடிப்பைப் பிடித்துப் பார்த்தார், கழுத்துப் பக்கம் திருப்பி இரத்தக் கறை இருக்கிறதா என்று பார்த்தார், வயிற்றுக்குள் விரலை விட்டார், முகர்ந்தார். பறவை கொத்தியது, பூஞ்சணம் பிடித்தது, உறைந்து சதை விட்டது எல்லாம் அவருக்குச் சில வினாடிகளில் தெரிகிறது. பார்த்து முடித்ததும் அதற்குரிய குவியலில் எறிந்தார்.

குவியல்கள் எத்தனை என்று கேட்டேன். ஏறக்குறைய இருபது தரங்கள் உண்டு என்றார். முதல் தரம், இரண்டாம் தரம் என்ற பெரிய பிரிவுகளுக்குள் நீளத்தையும் தடிப்பையும் வைத்து உட்பிரிவுகள். சில தரங்களின் பெயர்கள் பழைய வாங்குனர்களின் ஊர்களையே ஞாபகப்படுத்துகின்றன. பிரேமர் என்று ஒன்று, ஹொலெண்டர் என்று ஒன்று. நூற்றாண்டுகளுக்கு முன் எந்த ஊர்க்காரன் எந்த அளவை விரும்பினானோ அந்தப் பெயர் தரத்துக்கே நின்றுவிட்டது. முதல் தரத்தில் பெரும்பகுதி இத்தாலிக்குப் போகிறது. அந்தத் தொடர்பு கிட்டத்தட்ட 600 வருடப் பழையது. வெனிஸ் நகரத்து வியாபாரி பியெத்ரோ குவெரீனி என்பவருடைய கப்பல் புயலில் உடைந்து, உயிர் தப்பியவர்கள் 1432 ஜனவரியில் லொஃபோடெனுக்குத் தெற்கேயுள்ள ரோஸ்ட் தீவில் கரையொதுங்கினார்கள். சில மாதம் மீனவர் வீடுகளில் இருந்து விட்டு, ஊர் திரும்பி இந்தக் கருவாட்டைப் பற்றி எழுதி வைத்தார். சரக்கை இழந்த ஒரு வியாபாரி புதுச் சரக்கு ஒன்றைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்.

"இந்த இருபது தரத்திலும் சேராத மோசமானதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். என் மனதில் இருந்தது என் ஐந்து மூட்டைகள். அவர் கேள்வி விளங்காதது போல் பார்த்தார். பிறகு ஒரு மூலையைக் காட்டினார். தோல் கறுத்தது, சதை பிய்ந்தது, வடிவம் கெட்டது எல்லாம் அங்கே தனியாகக் கட்டியிருந்தன. அதற்கும் பெயர் இருந்தது. ஆபிரிக்கா தரம். போகும் இடம் நைஜீரியா. அங்கே இதைக் குழம்பில் இடித்துப் போடுவார்கள், வடிவம் முக்கியமில்லை, வாசமும் சுவையும்தான் முக்கியம். 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா யுத்தத்தின்போது நிவாரணமாகவும் இந்தக் கருவாடு அங்கே போனது. வெட்டிய தலைகளைக்கூட அவர்கள் கடலில் போடுவதில்லை. கயிற்றில் கோர்த்துக் காயவைத்து அதே நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். சூப்புக்கு அந்தத் தலை இல்லாமல் முடியாது என்று கேட்டு வாங்கும் மக்கள் அங்கே இருக்கிறார்கள். தலையிலிருந்து நாக்கை வெட்டி எடுக்கும் வேலை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு. பாடசாலை விட்டதும் கத்தியோடு வந்து, வெட்டிய நாக்குகளை நிறுத்து விற்றுச் சொந்தக் காசு சம்பாதிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வியாபாரம் படிக்கும் பள்ளிக்கூடம் அது.

களஞ்சியத்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அந்த ஹதீஸ் ஞாபகம் வந்தது. நாம் அனைவரும் ஜும்ஆக்களில் எத்தனையோ முறை கேட்டதுதான். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், விரல்களில் ஈரம் பட்டது, மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார், அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் பற்றிய எச்சரிக்கையைத்தான் நாம் இந்த ஹதீஸிலிருந்து எப்போதும் எடுத்துச் சொல்வோம். அதில் ஒரு வியாபார வழியும் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நனைந்ததை விற்காதே என்று சொல்லப்படவில்லை. மேலே வை என்றுதான் சொல்லப்பட்டது. மேலே வைத்தால் அதற்கென்று ஒருவன் வருவான், அதற்குரிய விலைக்கு வாங்கிக்கொண்டு போவான். உள்ளே ஒளித்தால் கெட்டதற்கும் விலையில்லை, அதனோடு சேர்ந்த நல்லதற்கும் விலையில்லை.

லொஃபோடென் கருவாடு என்ற பெயருக்கே 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. வேறு ஊரில் காயவைத்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது. நம் கறுவாவுக்கு 2022இல் கிடைத்ததும் இதே வகையான பாதுகாப்புத்தான். பெயரைப் பதிவது பிறகு. அதற்கு முன் மூட்டைக்குள் இருப்பதும் வெளியே சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எனக்குப் பிடிக்காத ஒரு சட்டம்

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே மீனவரிடமிருந்து மீன் வாங்குபவர் நினைத்த விலைக்கு வாங்க முடியாது. ஒரு காலத்தில் துறைமுகம், வீடு, படகு எல்லாம் ஊர் முதலாளியுடையதாக இருந்தது. மீனவன் கடனில் பிறந்து கடனில் செத்தான். 1938இல் ஒரு சட்டம் வந்தது. மீனவர்களின் சொந்த விற்பனைச் சங்கம் ஆகக் குறைந்த விலையை நிர்ணயிக்கும். அதற்குக் கீழே யாரும் வாங்க முடியாது. வாங்குபவர் சங்கத்தில் பதிந்திருக்க வேண்டும், காசுக்குப் பிணை இருக்க வேண்டும். 2013இல் புதிய சட்டம் எழுதினார்கள், ஆனால் அடிப்படை மாறவில்லை.

கரையோரத்தில் முற்பணம் கொடுத்து, அந்தக் கடனைச் சாட்டி மீனைக் குறைந்த விலைக்கு எடுப்பது நம் தொழிலில் வழமை. நானும் செய்பவன். எனவே இந்தச் சட்டத்தைக் கேட்டதும் முதலில் எனக்குக் கசந்தது. ஆனால் களஞ்சியக்காரர் ஒரு விடயம் சொன்னார். விலையில் மீனவரை நெருக்க முடியாதபடியால் இலாபம் எடுக்க ஒரே இடம் தரம் பிரிப்பதுதான் என்றார். அதனால்தான் அந்தக் கிழவருக்கு அவ்வளவு மரியாதை. நாமோ வாங்கும் இடத்தில் நெருக்கி, விற்கும் இடத்தில் மறைத்து, நடுவில் இருக்கும் வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறோம். நான் இன்னும் முற்பணம் கொடுத்துத்தான் வாங்குகிறேன். அதை மாற்றிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பி வரும்போது தீவுகளின் குறுக்கே ஸ்வொல்வேர் வழியாக வந்து, லோடிங்கெனில் கப்பலேறி ஈ6 பாதையைப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் பெரிய கடைகளெல்லாம் பூட்டு. நூறு சதுர மீற்றருக்குக் குறைந்த சிறிய பலசரக்குக் கடைகள்தான் அன்று திறக்கலாம். சின்னக் கடைக்காரனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது பெரியவனின் தொல்லையில்லாமல் இருக்கட்டும் என்று நான் சந்தோஷப்பட்டேன். பெரிய கம்பனிகளே அளவாகச் சின்னக் கடை கட்டிக்கொள்கின்றன என்று மருமகன் சிரித்தார். வியாபாரி எங்கும் வியாபாரிதான்.

கொழும்புக்கு வந்த பிறகு

ஓகஸ்டில் தொடங்கினேன். இருபது தரம் நமக்கு ஆகாது. நான்கு வைத்தேன். முழுத் துண்டு, நன்றாகக் காய்ந்தது, முதலாம் தரம். நிறம் மங்கியது அல்லது அளவு சிறியது இரண்டாம் தரம். உடைசல் மூன்றாம் தரம். மனிதர் சாப்பிட உதவாதது கோழித் தீனிக்காரருக்கு. ஈரமானதை எந்தத் தரத்திலும் போடுவதில்லை. மேல்மாடியில் மறுபடி காயப்போட்டுத்தான் பிரிப்போம். மூட்டை வாயில் தரத்தையும் கட்டிய திகதியையும் எழுதிய அட்டை. என்னிடம் இருபது வருடமாக இருக்கும் நாட்டாமி ஒருவருக்கு எந்த மீன் எப்படி என்று கை வைத்ததும் தெரியும். இதுவரை அவரை மூட்டை தூக்க மட்டுமே வைத்திருந்தேன். இப்போது அவர்தான் எங்கள் வ்ராக்கர். சம்பளத்தையும் கூட்டினேன்.

முதலாவது 500 கிலோ கட்டாவின் கணக்கை அப்படியே தருகிறேன். வழமைபோல் கலந்து விற்றிருந்தால் கிலோ 1,800 ரூபா வீதம் 9 இலட்சம். தரம் பிரித்ததில் முதலாம் தரம் 140 கிலோ, 2,300 வீதம் 3,22,000. இரண்டாம் தரம் 240 கிலோ, 1,800 வீதம் 4,32,000. மூன்றாம் தரம் 95 கிலோ, 1,200 வீதம் 1,14,000. தீனிக்குப் போன 25 கிலோவுக்கு 5,000. மொத்தம் 8,73,000. அதாவது 27,000 ரூபா குறைவு. இரண்டு பேரின் ஒரு நாள் கூலி 7,000 ரூபாவையும் சேர்த்தால் 34,000 நட்டம். என் தம்பி கணக்கைப் பார்த்துவிட்டு, "காக்கா, நோர்வேக்குப் போன டிக்கெட் காசு வேற" என்றான்.

பிறகு பழைய கொப்பிகளை எடுத்தோம். 2023 முழுவதும் வாடிக்கையாளர்கள் பழுது என்று கழித்த தொகை, திரும்பி வந்த மூட்டை, அதற்கு லொறிக் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு 500 கிலோவுக்கும் சுமார் 45,000 ரூபா போயிருந்தது. தனித்தனியாகப் போனதால் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படிப் பார்த்தால் தரம் பிரித்ததில் 11,000 ரூபா மிச்சம். பெரிய இலாபமல்ல. ஆனால் காசு வரும் வேகம் மாறியது. பழைய கலவை மூட்டைக்கு ஒன்றரை மாதம் தள்ளி எழுதிய செக்தான் வரும், அதிலும் கழிவு பேசுவார்கள். மூன்றாம் தரத்தை வாங்க வந்தவர்கள் சாப்பாட்டுப் பார்சல் செய்பவர்களும் சிறு ஹோட்டல்காரர்களும். அவர்களுக்கு எப்படியும் துண்டு துண்டாக வெட்டித்தான் சமைக்க வேண்டும், உடைசல் அவர்களுக்கு வேலை மிச்சம். கையில் காசு கொடுத்து எடுக்கிறார்கள். இப்போது முதலில் முடிவது அந்தக் குவியல்தான். நான் அடியில் ஒளித்து வைத்த சாமானுக்குக் கடைக்கு முன்னாலேயே வாங்குனர் இருந்திருக்கிறார்.

கஷ்டங்களும் உண்டு. இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கலந்த மூட்டைதான் வேண்டும், ஏனென்றால் அவர்களும் அப்படியே கலந்துதான் விற்கிறார்கள். பக்கத்துக் கடைகளில் என்னை நோர்வே ஹாஜியார் என்று கேலி செய்கிறார்கள். மழைக் காலத்தில் மறுபடி காயவைப்பது பெரும்பாடு. அந்த நவம்பரில் பத்து நாள் சரக்கை வெளியே விட முடியாமல் பூட்டி வைத்திருந்தேன். அப்போது பழையபடி கட்டி அனுப்பிவிடலாமா என்ற எண்ணம் வராமலில்லை. தொடங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை, ஒரே ஒரு மீன் வகையில் தொடங்குங்கள். திரும்பி வந்த மூட்டைக்குத் தனிக் கொப்பி போட்டு மூன்று மாதம் எழுதுங்கள். பிறகு முடிவெடுங்கள். கருவாடு மட்டுமல்ல, வெங்காயம், பழைய உதிரிப்பாகம், துணி எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

குருநாகல்காரருக்கு செப்டெம்பரிலேயே மூன்று தரத்திலும் ஒவ்வொரு கிலோ மாதிரியும் விலைப் பட்டியலும் அனுப்பினேன். பதில் இல்லை. 2025இல் நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொலைபேசி எடுத்தார். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, இரண்டாம் தரத்தில் நான்கு மூட்டை கேட்டார். அனுப்பினேன். அடுத்த நாள், "நாலையும் அவிழ்த்துப் பார்த்தேன் ஹாஜியார்" என்றார். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை எடுக்கிறார். ஒவ்வொரு முறையும் அவிழ்த்துத்தான் பார்க்கிறார்.